ஊசியின் குற்றமல்ல

1981-ம் வருஷத்தில் நான் ஓர் இசைத்தட்டு வாங்கினேன். "வாங்கினேன்" என்பதைவிட, "என் தலையில் கட்டினார்கள்" என்பதே பொருத்தம். பழைய புத்தகங்களும் பழைய பிளேட்டுகளும் விற்கும் ஒரு கடையில், அரியக்குடி ராமாநுஜய்யங்காரின் தட்டு ஏதாவது அகப்படுமா என்று தூசியில் கை அளைந்துகொண்டிருந்தேன். அரியக்குடி அகப்படவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கம் கொண்டவர்போல், "ஸார்! இதை எடுத்துக்கொண்டு போங்கள். கீறல் கிடையாது. மூன்றே ரூபாய்" என்று ஓர் உறையை நீட்டினார். உறையில் கறுப்பு அங்கி அணிந்த நால்வர் வாத்தியங்களுடன் உட்கார்ந்திருந்தார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனமில்லாமல், மூன்று ரூபாயைக் கொடுத்தேன்.

அன்றிரவு தட்டைச் சுழல விட்டேன். எனக்கு மேல்நாட்டுச் சங்கீதத்தில் அப்போது இருந்த ஞானம், ரெயில்வே பாண்டு வாத்தியத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த நால்வரும் வாசித்தது எனக்குப் பிடித்திருந்தது. கோபமாக ஆரம்பித்தார்கள், பிறகு கிராமத்துத் திருவிழாப்போல் ஆடினார்கள், பிறகு மிகவும் துக்கத்தோடு, மெதுவாக ஏதோ சொன்னார்கள், கடைசியில் குதூகலமாக ஓட ஆரம்பித்தார்கள். நானும் நாற்காலியின் கையில் தாளம் போட்டேன். அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. ஓட்டம் திடீரென்று நின்றது. கீழே ஏதோ நடுங்கிற்று. அதன்மேல் "கீ...." என்று ஊசியால் குத்துவதுபோல் ஒரு சத்தம் கிளம்பி, நிற்காமல் நீண்டது.

எழுந்து ஓடினேன். ஊசியைத் தூக்கினேன்; ஊதினேன்; மெல்லிய துணியால் துடைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் அதே "கீ...." மூன்று தடவை பரீட்சை செய்து பார்த்துவிட்டு, "மூன்று ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும்?" என்று என்னையே நொந்துகொண்டு படுத்தேன். பெட்டியின் ஊசி கெட்டுவிட்டதா, தட்டு கெட்டதா என்பது மட்டும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் மாலை தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் வாதாடவில்லை. தம்முடைய பெட்டியில் தட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "ஊசி குதிக்கவில்லை, ஸார்! யாரோ வேண்டுமென்றேதான் வாசித்திருக்கிறான். கொஞ்சம் உறையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்" என்றார்.

வெட்கத்துடன் அந்த இடத்திலேயே நின்று படித்தேன். அந்த ஸ்வரம், ஒரு மனிதனுடைய காது செவிடாகப் போவதற்கு முன்னால் அதற்குள் கேட்ட சத்தம் என்று அதில் எழுதியிருந்தது.

*

அந்த மனிதரின் பெயர் பெட்ரிக் ஸ்மெதனா. 1824-ம் வருஷம் மார்ச்சு 2-ம் தேதி, பொஹீமியா தேசத்தில் லிட்டோமிஷ்ல் என்னும் ஊரில் பிறந்தவர். தகப்பனார் பீர் காய்ச்சும் தொழில் நடத்தி வந்தார். பொஹீமியா அக்காலத்தில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன், உத்தியோகத்தில் ஜெர்மன், நாகரிகமான வீடுகளிலும் ஜெர்மன். செக் பாஷை வயற்காட்டுக்கும் சமையற்கட்டுக்கும் உரியது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஸ்மெதனாவும் ஜெர்மன் பாஷையிலேயே படித்து, ஜெர்மன் பாஷையிலேயே நாட்குறிப்பு எழுதி வந்தவர்தான். 1860-ல், முப்பத்தாறாவது வயதில், அவர் செக் பாஷையில் ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகளுக்கும் இலக்கணப் பிழைகளுக்கும் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். தாய்மொழியில் பிழை செய்ததற்காக மன்னிப்புக் கேட்கும் நிலைமை எப்படிப்பட்டது என்பதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிலும் அநேகர் அந்த மன்னிப்பைக் கேட்டிருக்கிறோம். கேட்கக்கூடத் தோன்றாதவர்களும் உண்டு.

இப்படித் தாய்மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்ற மனிதர்தான் செக் ஜனங்களுக்கு அவர்களுடைய நாடக சங்கீதத்தைக் கொடுத்தார். "விலைக்கு விற்ற மணப்பெண்" என்ற அவருடைய இசை நாடகம் 1866-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி பிராக் நகரத்தில் முதன்முதலாக அரங்கேறிற்று. 1868-ம் வருஷம் மே மாதம் 16-ம் தேதி, தேசீய நாடக சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அன்று மாலையே ஸ்மெதனாவின் "தலிபோர்" என்ற மற்றோர் இசை நாடகம் அரங்கேறியது. அந்தக் கட்டடத்தின் கதை தனியாகவே எழுதத் தகுந்தது. ஜனங்கள் காசு காசாகச் சேர்த்துக் கட்டினார்கள். 1881-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஸ்மெதனாவின் "லிபுஷெ" என்ற நாடகத்தோடு கதவு திறந்தார்கள். ஆகஸ்டு 12-ம் தேதி நாடக சாலை தீப்பிடித்து எரிந்தது. ஜனங்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டு உட்காரவில்லை. மறுபடியும் உண்டியல் குலுக்கினார்கள். 47 நாட்களில் பத்து லட்சம் கில்டர் சேர்ந்துவிட்டதாம்! 1883-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ம் தேதி, அதே "லிபுஷெ"யுடன் கதவு மறுபடியும் திறந்தது. மேடைக்கு மேலே, "தேசம் தனக்குத் தானே அளித்தது" என்று பொருள்படும் வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

அதற்குள் ஸ்மெதனாவுக்குக் காது கேளாமற் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

*

1874-ம் வருஷத்துக் கோடையில் அவர் காதில் விசித்திரமான ஓசைகள் கேட்க ஆரம்பித்தன. அக்டோபர் மாதம் 20-ம் தேதிக்குள் இரண்டு காதுகளும் முற்றிலும் அடைத்துப் போயின. எட்டு வருஷமாக நாடக சாலையில் வாத்திய கோஷ்டியை நடத்தி வந்தவர், ஒரே வருஷத்தில் அந்த வேலையை விட வேண்டியதாயிற்று. வைத்தியர்கள் மௌனமாக இருக்கச் சொன்னார்கள். சத்தமில்லாத அறையில் அடைத்து வைத்தார்கள். காதுக்குள் மருந்து விட்டார்கள். 1875-ல் அந்நிய தேசத்து வைத்தியர்களிடமும் போய் வந்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த மாதங்களில் அவர் என்ன செய்தார் என்பதைக் கேட்டால் நம்மால் நம்ப முடியாது. பொஹீமியாவின் ஜீவ நதியாகிய வ்ல்தவாவைப் பற்றி, இன்று உலகமெல்லாம் வாசிக்கிறார்களே, அந்த வாத்திய இசையை, காது அடைத்த மறு மாதம், நவம்பர் 20-ம் தேதி ஆரம்பித்து டிசம்பர் 8-ம் தேதி எழுதி முடித்தார். பத்தொன்பது நாள்! அந்த நதியின் சலசலப்பு, எழுதியவர் காதில் ஒருநாளும் விழவில்லை.

1876-ல் பட்டணத்தில் குடித்தனம் செய்ய வகையில்லாமல், யாப்கெனிட்ஸெ என்னும் கிராமத்திற்குப் போய், காட்டிலாகாவில் வேலை பார்த்த மாப்பிள்ளையின் வீட்டில் தங்கினார். அங்கேதான், அந்த வருஷத்துக் கடைசி மூன்று மாதங்களில், நான் ஊசியின் குற்றமென்று நினைத்த அந்தச் சங்கீதத்தை எழுதினார். டிசம்பர் 29-ம் தேதி முடித்தார். அதற்கு "என் வாழ்க்கையிலிருந்து" என்று பெயரிட்டார்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களும் சேர்ந்து வாசிப்பதைக் "குவார்ட்டெட்" என்கிறார்கள். வயலினை நாம் அறிவோம். வியோலா, அதற்கு அண்ணன். உருவத்தில் சற்றுப் பெரியது, குரலில் சற்றுக் கம்மியது. செல்லோ அந்தக் குடும்பத்துப் பெரியவர். தரையில் ஊன்றிக் கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்க வேண்டும். பெரிய வாத்திய கோஷ்டியில் நூறு பேர் வாசிப்பார்கள், அது பொதுக்கூட்டம்போல. குவார்ட்டெட்டோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து நாலு சிநேகிதர்கள் மனம் விட்டுப் பேசுவது போன்றது. ஸ்மெதனா 1878-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இந்தக் கருத்தையே சொல்லியிருக்கிறார். தம்மை வருத்தும் விஷயத்தை நெருங்கிய சிலரிடம் சொல்லிக்கொள்வதற்கு நாலு வாத்தியங்களே போதும் என்பது அவர் எண்ணம்.

நாலு பகுதிகளுக்கும் அவரே அந்தக் கடிதத்தில் பொருள் சொல்லியிருக்கிறார். முதற்பகுதி, இளமையில் கலையின்மேல் கொண்ட தாகமும், பின்னால் வரப்போகும் துன்பத்தின் எச்சரிக்கையும். மற்ற மூவரும் கீழே முணுமுணுக்க, கம்மிய குரல் படைத்த வியோலாதான் இதில் முதலாவதாகப் பேசுகிறது. இரண்டாவது பகுதி "போல்கா" என்னும் செக் நடனம். நடனத்தில் பைத்தியமாக இருந்த வாலிப நாட்களின் ஞாபகம். மூன்றாவது பகுதி, முதற் காதலும் முதல் மனைவியும். செல்லோ தனியாகத் தொடங்குகிறது. அவருடைய முதல் மனைவி கத்தெரினா, சிறு வயது முதல் அவருக்குத் தெரிந்தவள். 1849-ல் மணந்தார். பிறந்த நாலு பெண் குழந்தைகளில் மூவர், 1854-க்கும் 1856-க்கும் இடையில், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். பிழைப்பைத் தேடி ஸ்வீடன் தேசத்துக்குப் போயிருந்த தம்பதிகள், 1859-ல் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, வழியில் டிரெஸ்டன் நகரத்தில் கத்தெரினா க்ஷயரோகத்தால் காலமானாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு, செவிட்டுக் காதோடு உட்கார்ந்து, அவர் அந்தப் பெண்ணுக்காக எழுதிய பகுதி இது. எத்தனை தடவை கேட்டாலும் இந்த இடத்தில் என் கண் கலங்காமல் இருந்ததில்லை.

நாலாவது பகுதி, தம் தேசத்துச் சங்கீதத்தைக் கண்டுகொண்ட சந்தோஷம். குதித்துக்கொண்டு போகிறது. அப்புறந்தான் "கீ...."

மேல்நாட்டார் அந்த ஸ்வரத்துக்கு வைத்திருக்கும் பெயர் "ஈ". அது பொருத்தமான பெயர் என்பதைத் தமிழர்கள்தாம் அறிவார்கள். காதுக்குள் ஓர் ஈ புகுந்துகொண்டால் எப்படி இருக்கும்? நமக்கு, நிலையாக ஒலிக்கும் ஸ்வரமென்றால் தம்புராவின் சுருதிதான் ஞாபகம் வரும். அதன்மேல் சாய்ந்துகொண்டு பாடலாம். இந்த ஸ்வரத்தின்மேல் யாரும் சாய முடியாது. மற்ற எல்லா ஸ்வரங்களையும் அது வெளியே தள்ளிவிட்டுத் தான் மட்டும் உட்காருகிறது.

*

இந்தக் குவார்ட்டெட்டை பிராக் நகரத்துச் சங்கீத சபை ஒன்று முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை; வாசிக்க முடியாத அளவு கடினமென்றும், நாலு பேருக்குரிய ரீதியில் இல்லையென்றும் தள்ளிவிட்டது. 1878-ல் நண்பர் வீடொன்றில் முதன்முதலாக வாசித்தார்கள். அன்று வியோலா வாசித்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அந்தோனின் துவோர்ஷாக்! 1879-ம் வருஷம் மார்ச்சு மாதம் 29-ம் தேதி பகிரங்கக் கச்சேரியில் வாசித்தார்கள். எழுதியவருக்கு எட்டியதெல்லாம் வில்களின் அசைவைப் பற்றிய எண்ணம் மட்டுந்தான்.

அந்த நண்பர் வீட்டுச் சம்பவத்துக்குச் சரியாக ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 1928-ல், "பொஹீமிய நால்வர்" என்ற பிரசித்தி பெற்ற கோஷ்டியார் இதை இசைத்தட்டில் பதிந்தார்கள். அந்தக் கோஷ்டியில் இரண்டாவது வயலின் வாசித்த ஜோஸப் சுக், துவோர்ஷாக்கின் மாப்பிள்ளை. மாமனார் அமர்ந்து வாசித்த சங்கீதத்தை மாப்பிள்ளை தட்டில் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கோஷ்டி 1890-களின் ஆரம்பத்தில் ஏற்பட்டது. ஆகையால் ஸ்மெதனா மறைந்து பத்து வருஷங்கூட ஆகாத காலத்து வாசிப்பின் வாசனை அந்தத் தட்டில் இருக்கிறது. வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும் அழகு, கமகத்தில் பழகிய நமக்கு மிகவும் இதமாக இருக்கும்.

78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிஷத்துக்கு மேல் அடங்காது. இந்தக் குவார்ட்டெட்டோ ஏறக்குறைய அரைமணி நேரம். ஆகையால், நாலு தட்டு. தட்டுக்கு இரண்டு பக்கம். ஸ்மெதனா தம் மனைவியை நினைத்து உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்து, அப்புறம் மிச்சத்தை உருக வேண்டும். அக்காலத்து ரஸிகர்களின் பொறுமையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

அந்தத் தட்டுகள் எதனால் செய்யப்பட்டவை? கல்தூளோடு அரக்கைக் கலந்து செய்தார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் பூச்சிகள் சேர்த்து வைத்ததிலிருந்து, உலகத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போயிற்று. துரியோதனன் அரக்கை மாளிகை கட்டி எரிப்பதற்கு உபயோகித்தான் என்று பாரதத்தில் படித்திருக்கிறோம். அதே அரக்கில் துவோர்ஷாக்கின் மாப்பிள்ளையும் கரூஸோவும் நம் அரியக்குடியும் பிழைத்திருக்கிறார்கள். அரக்குப் பூச்சிக்குச் சங்கீத உலகம் ஒரு கோயிலே கட்டலாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1925-க்கு முன்னால், மின்சார மைக் வராத காலத்தில், ஒரு பெரிய தகரக் கூம்பின் முன்னால் நின்று வாசிப்பார்கள். அந்தக் கூம்புக்கும் ஒரு செவிட்டுத்தனம் உண்டு. வினாடிக்கு ஏறக்குறைய 2,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஓசைகள் அதற்குச் சரியாக எட்டா. ஸ்மெதனாவின் "ஈ" ஸ்வரத்துக்கு வினாடிக்கு 2,600-க்கு மேற்பட்ட அதிர்வுகள்! அந்த ஸ்வரம் பழைய கூம்பின் செவிக்கு எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. மின்சார மைக் வந்து, இயந்திரத்தின் காது திறந்த பிறகுதான், ஸ்மெதனாவின் காது அடைத்த கதையைத் தட்டில் ஒழுங்காகச் சொல்ல முடிந்தது.

என்னிடம் அகப்பட்ட மூன்று ரூபாய்த் தட்டு, "ஸ்மெதனா நால்வர்" என்ற கோஷ்டியார் வாசித்தது. பிராக் சங்கீதக் கலாசாலை மாணவர்கள், யுத்தத்தின் நடுவில், நாஜிகளின் ஆட்சியில், 1943-ல் சேர்ந்து பழக ஆரம்பித்தார்கள். விடுதலை கிடைத்த 1945-ல் ஸ்மெதனாவின் பெயரைப் பூண்டுகொண்டார்கள். 1989 வரையில் வாசித்தார்கள். இவர்களுடைய விசேஷம், எதிரில் காகிதமே இல்லாமல் மனப்பாடமாக வாசித்ததுதான். நம் வித்வான்களுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் நாலு பேரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதியபடியே வாசிக்க வேண்டிய மேல்நாட்டில் இது ஆச்சரியமான காரியம். காகிதத்தைப் பார்க்க வேண்டியதில்லாதபோது கண்கள் ஒருவரையொருவர் பார்க்கின்றன. தட்டில் முகம் தெரியாதென்றாலும், ஒருவர் பேச மற்றவர் தலையசைப்பது எப்படியோ தெரிகிறது.

ஜார்ஜ் ஸெல் என்ற பிரபல வாத்திய கோஷ்டித் தலைவர் இதே குவார்ட்டெட்டைப் பெரிய வாத்திய கோஷ்டிக்காக மாற்றி எழுதி, 1949-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்டு கோஷ்டியைக் கொண்டு பதிவும் செய்தார். கேட்டுப் பார்த்தேன். மிகவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத் துயரத்தை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால் எப்படியோ, அப்படியும் இருக்கிறது. இந்தக் காலத்துக் கோஷ்டிகளில் "பாவெல் ஹாஸ் நால்வர்" 2015-ல் வெளியிட்ட பதிவு இலண்டன் "கிராமபோன்" பத்திரிகையின் பரிசைப் பெற்றது. 1944-ல் ஔஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்ட செக் சங்கீதக்காரர் ஒருவரின் பெயரை அவர்கள் தாங்கியிருக்கிறார்கள். இவர்கள் வாசிப்பில் கோபம் அதிகம், வேகமும் அதிகம். "ஈ" வரும்போது, முதல் நாள் நான் எழுந்து ஓடியதுபோல் இன்றும் எழுந்து ஓடத் தோன்றுகிறது.

*

நிற்க. இவ்வளவு நாளும் நான் கதையின் வெளியே நின்று பரிதாபப்பட்டவன். மூன்று வருஷங்களுக்கு முன்னால் கதைக்குள் வந்து சேர்ந்தேன்.

ஓர் இரவு தூக்கத்தில் விழித்துக்கொண்டேன். எங்கோ ஒரு சீழ்க்கைச் சத்தம். குக்கரை அடுப்பில் மறந்துவிட்டார்களோ என்று சமையற்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. குழாயைப் பார்த்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் மாத்திரம் நிற்கவில்லை. இடது காதை விரலால் அடைத்ததும் அது பலமாயிற்று. அப்போதுதான், அது வீட்டில் இல்லை, என்னிடத்தில் இருக்கிறது என்று புரிந்தது. முதலில் என் நினைவுக்கு வந்தது டாக்டர் அல்ல. பழைய பிளேட்டுக் கடைக்காரர்தான். "ஊசி குதிக்கவில்லை, ஸார்!"

டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பல ஓசைகளைக் கேட்கச் செய்து, ஒரு படம் வரைந்து காட்டினார். படத்தில் கோடு இடது பக்கத்தில் சமதரையாக ஓடி, வலது பக்கத்தில் மலைச்சரிவுபோல் கீழே இறங்கிற்று. "தாழ்ந்த ஓசைகளெல்லாம் நன்றாக இருக்கின்றன. உயர்ந்த ஓசைகள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. வயசாகிவிட்டது அல்லவா? சீழ்க்கைக்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டும்" என்றார். கோடு சரிவாக இறங்கும் இடத்தில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தேன். இரண்டாயிரம், மூவாயிரம். ஸ்மெதனாவின் "ஈ" நடுவில் அகப்பட்டுக்கொண்டு நின்றது.

என் கஷ்டத்தை ஸ்மெதனாவின் கஷ்டத்தோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம். அவருக்குச் சங்கீதமே ஜீவனம். எனக்கோ அது ஈஸிச்சேர் சுகம். அவருக்குச் சில மாதங்களில் எல்லாம் போயிற்று. எனக்குத் தவணை முறையில் போகிறது. ஆனாலும் பயம் என்பது அளவு பார்த்து வருவதில்லை. பேரக் குழந்தையின் மழலை இன்னும் எத்தனை நாள் கேட்குமோ என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். கூட்டத்தில் யாராவது பேசினால், கேட்டதுபோல் சிரிக்கப் பழகினேன். ஒரு வருஷம் வரையில் இசைத்தட்டுப் பெட்டியைத் தொடவில்லை. தொட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடுமே! காது கேட்காததைவிட, அது தெரிந்துவிடுவதற்கே அதிகமாகப் பயந்தேன்.

அந்த நாட்களில்தான் ஸ்மெதனாவின் இரண்டாவது குவார்ட்டெட்டைப் பற்றி நினைத்தேன். முதலாவதன் புகழ் இதற்கு இல்லை. தட்டில் முதலாவதற்குத் துணையாக மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 1882, 1883-ம் வருஷங்களில், மூளையும் தளர்ந்து, ஞாபகம் தவறிக்கொண்டிருந்தபோது, எழுதவே கூடாதென்று வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல், சிறிது சிறிதாக எழுதியது. முன் எழுதியது என்னவென்று அவருக்கே மறந்துவிடுமாம். இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. நன்றாக ஒரு போல்கா ஆரம்பிக்கும். சட்டென்று அறுந்து வேறெங்கோ போகும். முன்பெல்லாம் இது எனக்கு விளங்காது. "பாவம், புத்தி கலங்கியவர்" என்று தட்டை எடுத்துவிடுவேன். இப்போது நினைத்தால், ஒரு வாக்கியத்தின் கடைசி வார்த்தை கிடைப்பதற்குள் முதல் வார்த்தை நழுவிவிடும் மனிதன், நழுவுவதையும் சேர்த்தே எழுதிவிட்டான் என்று தோன்றுகிறது. 1884-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதை அரங்கேற்றினார்கள். அதே வருஷம் மே மாதம் 12-ம் தேதி, பிராக் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் அவர் காலமானார். பிராக் நகரத்தில் வருஷந்தோறும் நடக்கும் பெரிய சங்கீத விழாவை அந்த 12-ம் தேதியில்தான், அவருடைய "என் தாய்நாடு" என்ற இசையுடன் ஆரம்பிக்கிறார்கள்.

அவரே எழுதினார், நான் கேட்கக்கூடப் பயப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஒரு நாள் மாலை அந்த மூன்று ரூபாய்த் தட்டைத் தேடி எடுத்தேன். என் மனைவி காப்பியுடன் வந்தவள், "என்ன அதிசயம்! பெட்டியைத் திறந்திருக்கிறீர்களே?" என்றாள்.

"கொஞ்சம் உட்கார். எனக்கு ஓர் உதவி வேண்டும். கடைசியில் 'கீ' என்று ஒரு சத்தம் வரும். அது தட்டிலிருந்து வருகிறதா, என் காதிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆரம்பிக்கும்போது என் கையைத் தொடு. நின்றதும் எடுத்துவிடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை என் வலது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல காது இருக்கும் பக்கமாக உட்காருவது அவளுக்கு எப்போதிலிருந்தோ வழக்கமாகிவிட்டது. நான்தான் அன்று கவனித்தேன்.

வியோலா பேச ஆரம்பித்தது. ஒரு குறையுமில்லை! அதன் கம்மிய குரல் டாக்டர் படத்தில் சமதரையாக ஓடிய பாகத்தில் அல்லவா இருக்கிறது? செல்லோவும் முழுசாகக் கேட்டது. கத்தெரினாவுக்காக எழுதிய பகுதியில் என்னிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வயலின்கள் மட்டும் மேலே ஏறும்போது கொஞ்சம் பஞ்சுக்குள் போய்விட்டு வந்தன. நாலாவது பகுதி ஓடிற்று. நின்றது. கீழே நடுக்கம். என் மனைவியின் கை என் கையின்மேல் வந்தது.

என் காதில் எப்போதும் இருக்கும் சீழ்க்கைதான் கேட்டது. அதில் எது ஸ்மெதனாவினுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. சிறிது நேரத்தில் அவள் கையை எடுத்தாள்.

இதுதானா! எவ்வளவு குறைந்த நேரம்! அரைமணி நேரச் சங்கீதத்தில் அந்தச் சத்தத்துக்கு அவர் கொடுத்த இடம் சில வினாடிகள்தான். இத்தனை வருஷமாக நான் அந்தக் குவார்ட்டெட்டை அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே ஞாபகம் வைத்திருந்தேன். சிநேகிதர்களிடம் சொல்லும்போதும் அதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன வருகிறதென்று நன்றாகக் கவனித்ததே இல்லை. அன்று கவனித்தேன். முதற்பகுதியில் வியோலா சொன்ன வார்த்தை மறுபடியும் வருகிறது. நாலாவது பகுதியின் குதூகலமும் தேய்ந்துபோய் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. பிறகு வில்லை விட்டுவிட்டு, விரலால் தந்தியை மெதுவாக மீட்டி, மீட்டி, ஓய்ந்துவிடுகிறது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கடைசி வார்த்தையை அந்த "ஈ"க்கு அவர் கொடுக்கவில்லை.

"கேட்டதா?" என்றாள் மனைவி.

"அந்தச் சத்தம் கேட்கவில்லை. பாக்கி கேட்டது" என்றேன்.

"பாக்கியைத்தானே கேட்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காப்பி ஆறிப் போயிருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன்.